அசையாத தண்ணீர்

முதலில் திக்கியது குரல்தான். லேப்டாப் "எனக்கும்… எனக்கும்… எனக்கு…" என்று முட்டி முட்டி நின்றுவிட்டு, மீதி வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டியது. படம் அதற்கும் பின்னால், மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவது போல, நின்று நின்று வந்து சேர்ந்தது.

"அவனுக்கும் என்னவாம்?" என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டார். மகனின் குரல் எந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும்.

"ஒண்ணுமில்ல அத்தை. லேப்டாப் மக்கர் பண்ணுது."

தன்னுடைய டிவி ஒரு நாளும் இப்படித் திக்கியதில்லை என்று மாமியார் டிவிக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டார். அதன் சத்தத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

கத்திரி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். கத்திரி என்பது கணவன் வைத்த பெயர். அவன் கேமராவில் அள்ளிக்கொண்டு வருவதையெல்லாம் வெட்டி ஒட்டிப் படமாக்குவது அவள் வேலை. விளையாட்டாக வைத்த பெயர் தொழிலில் எல்லோருடைய வாயிலும் நுழைந்து, கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. இஸ்திரி போடும் பலகையும் எடிட்டிங் மேஜையும் ஒரே அறையில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அறைக்குள்ளிருந்துதான் இருவரும் சேர்ந்து ஊர் மனிதர்களின் வேலைகளைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்து இணையத்தில் ஒரு சேனலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக், பல் டாக்டர், உயரமான கட்டடங்களில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர் என்று போய், இந்த முறை நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் கோச். படம் மறுநாள் காலையில் போயாக வேண்டும்.

அவர்கள் தொழிலில் பேசி வைக்காத ஒரு முறை இருந்தது. அவன் எடுத்ததை முதலில் பார்ப்பவள் கத்திரிதான். எடுக்கும்போது கேமராவின் குட்டித் திரையில் பார்ப்பதோடு சரி, அவன் திருப்பி ஓட்டிப் பார்க்கக்கூட மாட்டான். ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவான். அவள் திரையைப் பார்ப்பாள். அவன் அவளைப் பார்ப்பான். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவனுக்கு இருக்கும் முகம் அப்போது அவனுக்கு இருக்கும். கல்யாணத்தில்கூட அவன் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று அவள் நினைப்பதுண்டு. இந்த உலகத்தில் தனக்கு மட்டும் என்று அவள் வைத்திருந்தது அந்த ஒரு இடம்தான்.

இந்த முறை அவன் ஸ்டூலை இழுக்கவில்லை. டிஸ்க்கை மாட்டிவிட்டு, "நீ பாத்துட்டு இரு, எனக்கு வெளிய ஒரு வேலை இருக்கு," என்று சொல்லிச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். என்ன வேலை என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அதற்குப் பிறகு நினைத்து நினைத்து நொந்துகொண்டாள்.

தனியாகப் பார்க்கத் தொடங்கியதும் முதலில் அவள் கண்ணில் பட்டது வெளிச்சம். அவன் எப்போதும் அவசரக்காரன். பல் டாக்டரை டியூப்லைட் வெளிச்சத்திலேயே எடுத்துவிட்டு வந்து, நீ சரிபண்ணிடுவேல்ல என்று சொன்னவன். இந்தப் பெண்ணுக்கோ, சாய்ந்த வெயில் குளத்துத் தண்ணீரில் பட்டுத் தெறித்து அவள் தாடையின் கீழே வந்து விழும்வரை காத்திருந்திருக்கிறான். குட்டையாக வெட்டிய தலைமுடி, கழுத்தில் விசில், ஈரம் காயாத தோள், தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்த பாதங்கள். ஒவ்வொரு ஷாட்டும் தேவையைவிடக் கொஞ்சம் நீளம். எடிட்டருக்கு அது ஒன்று போதும். கேமராக்காரன் ஒன்றை எவ்வளவு நேரம் பார்க்க விரும்பினான் என்பதை அவன் மனைவியைவிட அவன் எடிட்டர் நன்றாக அறிவாள். இரண்டும் ஒரே ஆளாக இருந்து தொலைத்ததுதான் கத்திரியின் கஷ்டம்.

அடுத்த ஷாட்டில் அவனே ஃபிரேமுக்குள் இருந்தான்.

இத்தனை வருஷத்தில் அவன் கேமராவுக்கு முன்னால் வந்ததே இல்லை. கேள்வியெல்லாம் பின்னாலிருந்துதான் கேட்பான். அவன் குரலை அவள் பக்குவமாக வெட்டி எறிவாள். இங்கே கேமராவை ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கோச்சுக்குப் பக்கத்தில் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். காலைத் தண்ணீரில் விட்டிருந்தான். பின்னால் குளம் முழுக்கப் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களுக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டான். மூச்சு விட என்றாள் கோச். எல்லோரும் மூச்சைப் பிடிக்கத்தான் பார்க்கிறார்கள், பிடிப்பதில் ஒன்றுமில்லை, விடத் தெரிந்தால் போதும் என்றாள். நல்ல பதில். படத்தின் உயிரே அதுதான் என்று கத்திரியின் கை குறி போட்டுக்கொண்டது. லேப்டாப் இழுக்கத் தொடங்கியது அங்கேதான்.

"எனக்கும்… எனக்கும்… எனக்கும் நீச்சல் தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

குரல் முடிந்துவிட்டது. படம் முடியவில்லை. கோச் அவன் பக்கம் திரும்பியிருந்தாள். அவனும் அவளைப் பார்த்தபடி இருந்தான். ஒரு சத்தமும் இல்லை. அவள் இமை பாதி இறங்கி அப்படியே நின்றது. இருவருக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம். அந்த மௌனம் நீண்டு நீண்டு, எங்கோ அறுந்து, சட்டென்று கோச் வேறு பக்கம் பார்த்து யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் விழுந்தது.

கத்திரி பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே பார்வை. இன்னொரு தடவை. இந்த முறை கொஞ்சம் முன்னாலேயே திக்கியது, ஆனால் பார்வை வந்தது. லேப்டாப் தகராறு செய்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மற்ற இடங்களில் திக்கியபோதெல்லாம் திக்கல் என்று ஒதுக்கிவிட்டுத்தான் வந்தாள். இந்த இடத்தில் மட்டும் அவளுக்கு அது திக்கலாகத் தெரியவில்லை. மனிதர்கள் பேச்சை நிறுத்தும் இடங்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கியவள் அவள். வாய் சொல்லாததை இடைவெளி சொல்லிவிடும் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்வதும் உண்டு. சொன்னவளுக்கே இப்போது இடைவெளி சொல்லிக்கொண்டிருந்தது.

மௌனத்தைவிட அந்த வாக்கியம்தான் அதிகமாகக் குத்தியது. கல்யாணமான புதிதில், ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று, சின்ன வயதில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துவேன் என்று சொன்னவன் அவன். அவளும் நம்பி, அந்த ஆற்றின் அகலத்தை அவனோடு சேர்த்தே மனதில் வைத்திருந்தாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கூடத்துக்குப் போனாள். அவருக்கு நீச்சல் தெரியுமா அத்தை என்று, டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அவனா?" மாமியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குளிக்கவே பயப்படுவான். தலையில தண்ணி ஊத்துறதுக்குள்ள ஊரக் கூட்டிடுவான்."

பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. பேட்டி கொடுக்க வந்தவளுக்குச் சொல்லியாயிற்று. நடுவில் ஒருத்திதான் ஆற்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். கத்திரி அறைக்குத் திரும்பி வந்து, கோச்சின் முகத்தின் மேல் ஒரு குறியும் கணவனின் முகத்தின் மேல் ஒரு குறியும் வைத்து, அந்தப் பகுதியை அப்படியே வெட்டி எடுத்தாள். படத்துக்கு அது தேவையில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கேள்வி கேட்கிறவர் தன் கதையைச் சொல்வது இந்தத் தொடரின் வழக்கம் இல்லை. காரணம் சரியாகவே இருந்தது. சரியான காரணம் கையில் இருக்கும்போதுதான் தான் மிக மோசமாக நடந்துகொள்வது வழக்கம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் வேலை நகரவில்லை. வெட்டிய இடத்தில் மனது ஆறவில்லை. மீதி இடங்களில் குரல் கொரகொரத்தது, உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போயின. வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களின் கம்ப்யூட்டர் புலம்பல்களைக் கேட்கும் மேஜையில் உட்காருகிறவன். அக்கா என்ற சலுகையெல்லாம் அவனிடம் நடக்காது.

"முதல்ல ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா."

"பண்ணிட்டேன்டா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. பண்ணு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் நிஜமாகவே பண்ணியிருக்கவில்லை. பண்ணினாள். ஒன்றும் மாறவில்லை. ஸ்பீக்கர் கோளாறாக இருக்குமோ என்றான் தம்பி. ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்தாள், காதுக்குள் இன்னும் தெளிவாகத் திக்கியது. பின்னணியில் திறந்து கிடந்தவற்றை எல்லாம் மூடச் சொன்னான். அவள் திறந்து வைத்திருந்தவற்றில் நீச்சல் குளத்தின் இணையப் பக்கமும் ஒன்று. அதில் பயிற்சியாளர்கள் என்ற வரிசையில் கோச்சின் படம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது. தம்பிக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்றாலும் அதை முதலில் மூடினாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு போட்டிருந்தால் லேப்டாப் பாதி பலத்தில்தான் ஓடும், பார் என்றான். போட்டுத்தான் இருந்தது, எடுத்துவிட்டாள். விசிறிச் சத்தம் கூடியது, திக்கல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பார்க்கச் சொன்னான். சுட்டது. எதன் மேல் வைத்திருக்கிறாய் என்றான். தலையணை மேல் என்றாள்.

"அதுக்குத் தூக்கம் வரட்டும்னு வெச்சியாக்கா?"

உயரத்துக்காக வைத்தது என்று அவள் முணுமுணுத்துவிட்டு, தலையணையை எடுத்து இஸ்திரிப் பலகைமேல் எறிந்தாள்.

"சரி. இத மட்டும் யோசிச்சுச் சொல்லு. போன படம் வரைக்கும் நல்லா ஓடிச்சில்ல? அப்போ இல்லாதது, இப்ப புதுசா என்ன வந்திருக்கு?"

அந்தப் பொம்பள என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஒண்ணும் வரல. அதே கேமரா, அதே டிஸ்க்," என்றாள்.

எதுவும் மாறாமல் எதுவும் கெடாது என்றான் தம்பி. ஒரு ஷாட்டை மட்டும் டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்குள்ளேயே நகல் எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அது ஒழுங்காக ஓடினால் லேப்டாப்மேல் தப்பில்லை, டிஸ்க்கிலிருந்து படம் வந்து சேரும் வழியில்தான் அடைப்பு என்றான். மின்னுகிற தண்ணீர், ஆடுகிற இலை இதெல்லாம் படத்தில் ரொம்பக் கனம், வழி குறுகலாக இருந்தால் அங்கேதான் முதலில் மூச்சுத் திணறும் என்றும் சொன்னான். அவனுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. மாமாவைக் கேட்டதாகச் சொல்லு என்று வைத்துவிட்டான்.

நகலெடுக்க எந்த ஷாட் என்று அவன் சொல்லவில்லை. கத்திரி முதலில், உடை மாற்றும் அறையில் துண்டுகள் தொங்கும் ஒரு ஷாட்டின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். அதில் ஆட்களே இல்லை. பிறகு கோச் விசில் ஊதும் ஷாட். கை அங்கேயும் இங்கேயும் அலைந்தது. அந்தப் பார்வை இருக்கும் ஷாட்டை நகலெடுத்தால் ஒன்று, அது நிஜம் என்று தெரியும். அல்லது நிஜம் இல்லை என்று தெரியும். இரண்டில் எதற்குத் தான் பயப்படுகிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்பதை எல்லாம் அவள் உள்ளுக்குள் ஏற்கெனவே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பெட்டி, தம்பி வீடு, மாமியாரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள் வரை. அழவும் தயாராக இருந்தாள். பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காலையிலிருந்து வயிற்றில் மூட்டி வைத்த தீயைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

அந்த ஷாட்டையே நகலெடுத்தாள். நகல் ஆவதற்கு நேரம் பிடித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓட்டினாள்.

"எனக்கும் நீச்சல் தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றான் அவன், ஒரு தடங்கலும் இல்லாமல்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது சார்," என்றாள் கோச். சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே தலையைத் திருப்பிவிட்டாள், குளத்தில் யாரோ ஒருவரைப் பார்த்து, "கால மடக்காதீங்க, நீட்டுங்க," என்று கத்தினாள். அவ்வளவுதான். அவள் அவனை முழுசாக ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை.

கத்திரி டிஸ்க்கிலிருந்த பழையதை மறுபடி ஓட்டினாள். அதே மௌனம், அதே பார்வை, பாதியில் தொங்கும் இமை. இந்த முறைதான் அவள் அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். குளத்துத் தண்ணீர் அசையவில்லை. அத்தனை மினுக்கமும் கண்ணாடியில் ஒட்டிய ஜிகினாத்தாள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. கோச்சின் காலுக்குப் பக்கத்தில் ஒரு துளி அந்தரத்தில் நின்றது. அதை இத்தனை தடவையும் அவள் பார்க்கவில்லை. கீழே ஒலியின் கோடுகள்கூட அந்த இடத்தில் மேடு மேடாக எழும்பித்தான் இருந்தன, பேச்சு இருக்கிறது என்று காட்டிக்கொண்டு. ஃபிரேமின் ஓரத்தில் ஒரு கொசு பறந்தாலும் சொல்லிவிடுகிறவள், ஒரு குளமே உறைந்து நின்றதைக் கவனிக்காமல் இரண்டு முகங்களை மட்டும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள்.

நிம்மதி வர வேண்டும். வந்தது, ஆனால் விருந்தாளி மாதிரி வாசலோடு நின்றது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட ஏமாற்றம்தான். ஏதோ ஒன்றைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டது போல. வெட்கத்தோடு, எடுத்த வேலையையாவது முடிப்போம் என்று டிஸ்க்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிளைப் பிடித்துப் பார்த்தாள்.

அது மெல்லிய, நீளமான, வெள்ளைக் கேபிள். போன் சார்ஜ் செய்வது. டிஸ்க்கோடு வந்தது கறுப்பு, குட்டை, விரல் பருமன். ஒருவருக்கும் மாறிவிடக் கூடாது என்று அதன் தலையில் மஞ்சள் டேப்பைச் சுற்றி வைத்தவளே அவள்தான். அடைப்பு இங்கேதான். கேமராப் பையைக் கவிழ்த்துத் தேடினாள். மேஜை டிராயரில் தேடினாள். எங்கும் இல்லை.

படம் எடுக்கப் போகிறவனுக்கு அந்தக் கேபிள் வேண்டும்தான், கேமராவிலிருந்து டிஸ்க்குக்கு மாற்ற அவன் மடியிலிருக்கும் பழைய லேப்டாப்பில் மாட்டுவான், உடனே கழற்றிப் பைக்குள் போடுவான். கழற்றி வேறு எங்கோ வைத்திருக்கிறான் என்றால், வேறு எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இந்த டிஸ்க்கை மாட்டியிருக்கிறான். வேறு எங்கோ, யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அது புரிந்ததும் காலையிலிருந்து அவளைப் படுத்திய பொறாமை எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகப் போயிற்று. முகத்தைப் பார்த்தது, பார்க்காதது, இமை இறங்கியது எதுவும் ஒரு பொருட்டில்லை. ஸ்டூல் ஏன் இழுபடவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவன் அந்தப் பிரசவ வார்டு முகத்தை வேறொரு இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

அவன் மதியம் தாண்டி வந்தான். செருப்பைக் கழற்றும் சத்தம், மாமியார் சாப்பாட்டை நினைவுபடுத்தும் சத்தம், பிறகு அறைக் கதவு. கையில் கறுப்புக் கேபிள் இருந்தது. மஞ்சள் டேப்போடு.

"இதைத் தேடியிருப்பியே," என்றான்.

"அதுக்குத்தான் போனியா?"

"ஆமா. குளத்து ஆபீஸ்ல விட்டுட்டேன்."

"எதுக்கு மாட்டுன அங்க?"

அவன் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து, வெள்ளைக் கேபிளைக் கழற்றி, கறுப்பை மாட்டினான். டிஸ்க்கின் விளக்கு வேகமாகச் சிமிட்டியது. செய்ய வேண்டியது தீர்ந்துபோனதால் அவன் நின்றான்.

கோச் தன்னைப் படத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். திரையில் தான் எப்படி இருக்கிறேனோ என்று காலையிலிருந்து பதறிக்கொண்டிருந்தாளாம். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லையாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொஞ்சம்தான் ஓட்டினானாம். அவளும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தாளாம். கத்திரி இதையெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவன் பேச்சில் எங்கே இடைவெளி வருகிறது என்று அவள் காது தானாகவே தேடியது.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"எல்லாம்தான்," என்றான் அவன்.

கூடத்தில் டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

"நான் பாக்கறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"எனக்கு முன்னாடி ஒருத்தருக்கும் காட்டுனதில்ல நீ."

"காட்டுனதில்ல." அவன் ஸ்டூலை இழுத்தான். ஆனால் உட்காராமல் அதன் மேல் ஒரு முழங்காலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றான். "நீ கோபப்படாமக் கேட்டா ஒண்ணு சொல்லுவேன்."

"கோபப்பட்டுக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"அவங்க பாத்துட்டு, அழகா இருக்கு சார்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல." அவன் கேபிளின் மஞ்சள் டேப்பை நகத்தால் நெருடினான். "நீ பாக்கும்போது நான் உன் முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்ல. எங்க உன் புருவம் ஏறுதுன்னு பாப்பேன். அங்க ஏதோ தப்புன்னு அர்த்தம். நீ சொல்றது எல்லாம் சரிதான். ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல. ஆனா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, புருவம் ஏறாத ஒருத்தர் பாக்கறத பாக்கணும் போல இருந்திச்சு."

அவளுக்குப் பாலத்தின் மேல் நின்றவன் ஞாபகம் வந்தான். அன்றைக்கு அவன் நீந்துவேன் என்று சொன்னபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும்.

"நீச்சலும் அதனாலதான் சொல்லலியா?"

அவன் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தான். அந்த வாக்கியம் அதில் இருக்கிறது என்பதையே அப்போதுதான் நினைத்தான் போலிருந்தது. "அது… முதல்ல ஏதோ வீறாப்புல சொன்னது. அப்புறம் எப்ப சொல்றது? நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட, இவருக்கு ஆறெல்லாம் சும்மான்னு."

சொல்லித்தான் இருந்தாள். பெருமையாக. தம்பியிடம், தோழிகளிடம். மாமியாரைத் தவிர எல்லோரிடமும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சண்டை போடவும் வாய் வரவில்லை. சண்டைக்கு வேண்டிய பொய் எதுவும் அவன் சொல்லவில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு இப்போது முகம் இல்லை. கோச்சின் குட்டை முடியும் ஈரத் தோளும் அதில் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு குறையும் கண்ணில் படாமல், அழகா இருக்கு சார் என்று சொல்ல முடிந்த யாரோ ஒருத்தி அதில் நின்றிருந்தாள். தொழில் தெரியாததால் அவளுக்கு அது சுலபம். சுலபமாகக் கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதைப் பார்த்துத்தான் இவளுக்கு வயிறு எரிந்தது.

வெட்டி எடுத்த பகுதியை அவள் பழைய இடத்தில் திரும்ப வைத்தாள். பெருந்தன்மையால் இல்லை. மூச்சு விட என்று கோச் சொன்னதற்குப் பிறகு, கேட்டவனே எனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் அந்தப் படம் படமாகிறது. வெட்டும்போதே அது தெரிந்துதான் இருந்தது. கோச்சின் சிரிப்பை முழுசாக விட்டாள். ஒரு நொடி குறைக்க முடியுமா என்று கை பார்த்தது. குறைத்தால் கெடும். விட்டாள்.

"உக்காரு," என்றாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் முதலிலிருந்து ஓட்டினாள். குரல் ஒரு இடத்திலும் திக்கவில்லை, உதடும் பேச்சும் ஒன்றாகப் போயின, தண்ணீர் மின்னிக்கொண்டே இருந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. வழக்கம்போல அவள் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது அவளுக்குக் கன்னத்தில் தெரிந்தது. நெற்றியை அவள் அசையாமல் பிடித்து வைத்திருந்தாள். கழுத்து வலித்தது. அவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்திருக்கும் ஷாட்டில், குளத்தின் தூரத்து விளிம்பு இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்டாண்டைச் சரியாக நிறுத்தாமல் ஃபிரேமுக்குள் ஓடியிருக்கிறான். பார்த்த கணமே தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

படம் முடிந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றாள்.

அவன் காத்திருந்தான். அவள் வேறு எதுவும் சொல்லாததால் ஸ்டூலில் நெளிந்தான். கையைக் கட்டிக்கொண்டான், அவிழ்த்தான். டிஸ்க்கின் விளக்கைப் பார்த்தான்.

"தண்ணிக்கோடு சாஞ்சிருக்குல்ல?" என்றான் கடைசியில்.

"சாஞ்சிருக்கு."

"எனக்கு அப்பவே சந்தேகம்." அவன் முகத்தில் ஒரு ஆசுவாசம் வந்தது, வீட்டுச் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது தெரிந்தவன் மாதிரி. "நிமித்திரலாம்ல?"

நிமிர்த்தலாம் என்றாள். நிமிர்த்தினால் ஃபிரேமின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அவனுடைய தோள் பாதி போய்விடும் என்றும் சொன்னாள். போகட்டும் என்றான். வேண்டாம் என்று நினைத்தாலும் கேள்வி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவங்ககிட்ட இதக் கேட்டியா? சாஞ்சிருக்கான்னு?"

அவன் வியப்போடு அவளைப் பார்த்தான். "அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது? அவங்களுக்கு அது தெரியாதே."

இது ஆறுதலா இல்லையா என்று கத்திரியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பதிலைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு படத்தை நிமிர்த்தும் கருவியைத் திறந்து, தண்ணீரின் விளிம்பில் ஒரு கோடு இழுத்தாள். அவன் எழுந்து போகவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான்.